"தொடர் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை

ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் படிக்கிற யாருக்காவது ஒரு தொடரைச் சிபாரிசு செய்து பாருங்கள். என்ன கதை, யார் எழுதியது என்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "முடிஞ்சிடுச்சா?" இல்லை என்று சொன்னால் பேச்சு அதோடு சரி. "எல்லா பாகமும் வரட்டும், மொத்தமா படிச்சுக்கிறேன்."

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த கதை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் ஐந்தாம் பாகம் 2011 ஜூலையில் வந்தது. அந்தத் தொடரை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடர் புத்தகத்தை முந்திக்கொண்டு ஓடி 2019-ல் முடிந்தும் போனது. ஆறாம் பாகம் இன்னும் வந்தபாடில்லை. இன்னொரு ஃபேன்டஸி எழுத்தாளர் பேட்ரிக் ராத்ஃபஸ் விஷயம் இதைவிட வேடிக்கை. அவருடைய நாயகன் க்வோத், தன் கதையை மூன்றே நாளில் சொல்லி முடிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான். நாளுக்கு ஒரு புத்தகம். முதல் நாள் 2007-ல் வந்தது, இரண்டாம் நாள் 2011-ல். மூன்றாம் நாள் இன்னும் விடியவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராதுதான், நியாயம்தான்.

ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் இன்று இவ்வளவு பெரிய ஆளாக இருப்பதற்கும் இந்தச் சூடுதான் பாதிக் காரணம் என்பேன். அவருடைய வாக்கியங்களுக்காக அவரைப் படிக்கிறேன் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் மனிதர் சொன்னால் சொன்னபடி முடிப்பார். எந்தப் புத்தகம் எத்தனை சதவீதம் எழுதியாயிற்று என்று தன் வலைத்தளத்திலேயே பட்டை போட்டுக் காட்டுகிறவர். கொரோனா காலத்தில் யாருக்கும் சொல்லாமல் எழுதி வைத்த நான்கு நாவல்களை 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டரில் (வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளம்) அறிவித்தபோது, ஒரே மாதத்தில் 4 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. அறிவிப்பு வந்தபோது அந்தப் புத்தகங்களின் தலைப்புகூட யாருக்கும் தெரியாது. வாசகர்கள் காசு கொடுத்தது கதைக்கு இல்லை, முடிப்பார் என்ற நம்பிக்கைக்கு.

இதுவரை எல்லாம் சரி. எனக்கு வருத்தம் இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மார்ட்டின் மேல் இருக்கிற கோபத்தை, முதல் நாவலை இப்போதுதான் கொண்டுவந்திருக்கிற யாரோ ஒருவர் மேல் காட்டுகிறோம். பதிப்பகம் எப்படிக் கணக்குப் போடும் என்று கொஞ்சம் யோசியுங்கள். முதல் பாகம் எவ்வளவு விற்கிறதோ, அதைப் பார்த்துத்தான் கடைகள் இரண்டாம் பாகத்துக்கு ஆர்டர் கொடுக்கும். ஆர்டர் குறைந்தால் விளம்பரம் குறையும். விளம்பரம் குறைந்தால் மூன்றாம் பாகத்துக்கு ஒப்பந்தமே கிடைக்காமல் போகலாம். "முடிந்ததும் வாங்குகிறேன்" என்று ஆளாளுக்குக் காத்திருந்தால் அந்தத் தொடர் முடியவே முடியாது. அதையும் பார்த்துவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்போம். மார்ட்டினுக்கு நம் புறக்கணிப்பால் ஒன்றும் ஆகாது. அடி விழுவதெல்லாம் பெயர் தெரியாத ஆட்களுக்குத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. முடியாத தொடரைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்கிற அதே ஆட்கள்தான் இணையத் தொடர்களை விழுந்து விழுந்து படிக்கிறார்கள். 'தி வாண்டரிங் இன்' 2016-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. வேறொரு உலகத்தில் போய் விழுந்த ஒரு பெண் அங்கே சத்திரம் நடத்துகிற கதை. ஒரு கோடிச் சொற்களைத் தாண்டிவிட்டது, முடிகிற அறிகுறியே இல்லை. யாரும் அதனிடம் போய் "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பதில்லை. அடுத்த அத்தியாயம் எப்போது என்றுதான் கேட்கிறார்கள்.

மேட் டினிமனின் 'டஞ்சன் கிராலர் கார்ல்' கதையும் இதேதான். ராயல் ரோடு என்ற தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது, 2020-ல் ஆசிரியரே சொந்தமாகப் புத்தகமாக்கினார், 2024-லிருந்து ஒரு பெரிய பதிப்பகம் கெட்டி அட்டையில் போடுகிறது. இந்தக் காலத்து வாசகர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று ஒரே ஒரு புத்தகத்தைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். ஆரம்பத்தைக் கேளுங்கள். கடுங்குளிரில் ஓர் இரவு, கார்ல் என்பவன் பிரிந்துபோன காதலியின் பூனையைப் பிடிக்க அரை டிரவுசரோடு வெளியே வருகிறான். காலில் மாட்டியிருப்பது அவளுடைய ரோஸ் கலர் கிராக்ஸ், அதுவும் அளவு பத்தாதது. அந்த நொடியில் பூமியில் உள்ள அத்தனை கட்டடங்களும் தரைக்குள் அமுங்கிவிடுகின்றன. உள்ளே இருந்தவர்கள் காலி. பிழைத்தவர்களுக்குப் பதினெட்டு அடுக்குப் பாதாளம் ஒன்று திறக்கிறது. அதில் நடப்பது முழுவதும் பிரபஞ்சத்துக்கே ஒளிபரப்பாகிற ரியாலிட்டி ஷோ. பூனையின் பெயர் பிரின்சஸ் டோனட். அதற்குப் பேச்சும் வந்துவிடுகிறது, தலைக்கனமும் ஏறிவிடுகிறது.

சொல்லிக் கேட்டால் விடலைத்தனமாக இருக்கும். முதல் நூறு பக்கம் அப்படித்தான் இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். லெவல், பாயின்ட், பரிசுப் பெட்டி என்று வீடியோ கேம் சமாச்சாரம்தான் முழுக்க. ஆனால் சிரிக்க வைத்துக்கொண்டே, ஒரு இனத்தின் அழிவை விளம்பர இடைவேளையோடு ரசிப்பவர்களைப் பற்றிய கோபத்தை உள்ளே இறக்குகிறது. ஜெஃப் ஹேஸ் குரலில் ஆடியோபுக்காகக் கேட்டு இதற்கு அடிமையானவர்கள் நிறைய. கேட்பதும் படிப்பதுதானா என்ற பழைய பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

முடியாத நாவலைத் தள்ளிவைப்பவர்கள் முடியாத இணையத் தொடரை ஏன் கொண்டாடுகிறார்கள்? எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அங்கே ஒவ்வொரு தவணையிலும் கைக்கு ஏதோ ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரு சண்டை முடியும், ஒரு அடுக்கு முடியும், ஒரு ரகசியம் உடையும். கதை பாக்கி இருக்கும், ஆனால் வாசகன் ஏமாந்துபோகவில்லை. என் இனிய இயந்திராவை வாராவாரம் விகடனில் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'தொடரும்' என்ற வார்த்தை அவர்களுக்கு எரிச்சலாக இல்லை, பாதி சந்தோஷமே அதில்தான் இருந்தது.

ஆக, கேட்க வேண்டியது "இந்தப் பாகம் தன் வேலையைத் தானே முடிக்கிறதா?" என்பதைத்தான். ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெய்ன்டட் கப்' 2025-ல் சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருது (சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸிக்கான பெரிய விருது) வாங்கியதில் எனக்குத் தனி சந்தோஷம். ஒரு செல்வந்தர் மாளிகையில் அதிகாரி ஒருவர் செத்துக் கிடக்கிறார், அவர் உடலைப் பிளந்துகொண்டு ஒரு மரம் கிளைவிட்டு நிற்கிறது. துப்பறிய வருபவர் அனா, கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவி. பார்த்ததை எல்லாம் அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளும்படி உடல் மாற்றப்பட்ட இளைஞன் டின் அவளுக்கு உதவியாளன். தூரத்தில் கடல் மதில்கள், அவற்றை இடித்துக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும் ராட்சத மிருகங்கள். புத்தகம் முடியும்போது கொலைகாரர் யார் என்று தெரிந்துவிடும். மதிலும் மிருகங்களும் அந்தச் சாம்ராஜ்யத்தின் அழுக்கும் அடுத்த பாகத்துக்கு இருக்கும். இரண்டாம் பாகமும் வந்தாயிற்று, அதிலும் வழக்கு அந்தப் புத்தகத்திலேயே முடிகிறது. இந்தத் தொடர் நாளைக்கே நின்றுபோனாலும் நான் யாரையும் திட்ட மாட்டேன்.

சின்னப் புத்தகங்களுக்கு இப்போது வந்திருக்கிற மவுசும் இதனால்தான். மார்த்தா வெல்ஸின் 'மர்டர்பாட்' முதல் புத்தகம் 160 பக்கத்தைத் தாண்டாது. சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' ஒரே புத்தகம், முன்னுமில்லை பின்னுமில்லை. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இன்னொரு பக்கம், 'முடிந்தது' என்று நாம் நிம்மதியாக அடுக்கி வைத்திருப்பவை உண்மையில் முடிந்தவையா? அசிமோவின் ஃபவுண்டேஷன் 1966-ல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொடர் என்று ஹ்யூகோ வாங்கியது. போட்டியில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் இருந்தார். ஆனால் கதையில் செல்டன் என்ற கணித மேதை போட்டது ஆயிரம் வருஷத் திட்டம், அசிமோவ் அதில் ஏறக்குறைய ஐந்நூறோடு நிறுத்திவிட்டார். கடைசியில் முன்கதைகளுக்குத் திரும்பிப்போய் 1992-ல் காலமானார். மீதி ஐந்நூறு எங்கே என்று யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன் ஆறாம் பாகம் நடுவழியில் நிற்கிறது, அடுத்த வருஷமே ஹெர்பர்ட் போய்விட்டார். படம் பார்த்துவிட்டு இப்போது புதிதாகப் படிக்கிற லட்சக்கணக்கானவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் உர்சுலா லெ குவின். அவருடைய ஃபேன்டஸி தொடர் எர்த்ஸீ 1968-ல் தொடங்கி 1972-ல் மூன்று புத்தகங்களோடு முடிந்தது. பதினெட்டு வருஷம் அது முழுமையான முத்தொகுப்பு. 1990-ல் 'தெஹானு' வந்தது. இரண்டாம் புத்தகத்தில் கல்லறைகளின் இருட்டிலிருந்து தப்பி வந்த டெனார் அதில் நடுவயது விதவை, ஆட்டுப்பால் கறந்து பிழைக்கிற பண்ணைக்காரி. மகா மந்திரவாதி கெட் சக்தியெல்லாம் இழந்து, டிராகன் முதுகில் அரைப் பிணமாக வந்து இறங்குகிறான். முந்தைய மூன்றிலும் பெருமையாகச் சொன்ன மந்திரவாதிகளின் உலகத்தை, பாத்திரம் கழுவுகிறவளின் பக்கத்திலிருந்து பார்க்கிறது இந்த நாலாவது. அப்போது பலருக்கு எரிச்சல். எனக்கு அதுதான் ஐந்திலும் சிறந்த நாவல். அட்டையில் 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று வேறு போட்டார்கள். 2001-ல் இன்னும் இரண்டு வந்தன, ஒரு கதைத் தொகுப்பும் ஒரு நாவலும்! மொத்தமாகப் படிக்கலாம் என்று எந்த வருஷம் வரை காத்திருப்பீர்கள்?

ஒவ்வொரு பாகமாக, வரவரப் படித்தவர்களுக்குக் கிடைத்த ஒன்று மொத்தமாகப் படிக்கிறவர்களுக்குக் கிடைக்காது. 'வீல் ஆஃப் டைம்' எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-ல் இறந்தபோது தொடர் முடியவில்லை. அவர் மனைவிதான் அந்தத் தொடரின் எடிட்டர். அவர்தான் குறிப்புகளை சாண்டர்சனிடம் கொடுத்தார். ஒரு புத்தகத்தில் முடிகிறதாக இருந்தது மூன்றாக நீண்டு 2013-ல் முடிந்தது. 1990-ல் தொடங்கியவர்கள் அந்த இருபத்து மூன்று வருஷமும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் பாகத்தில் நடக்கிற ஒரே ஒரு கொலையை யார் செய்தது என்று வருஷக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். இன்று பதினாலு பாகத்தையும் வரிசையாக வாங்கி அடுக்கிப் படிக்கிறவருக்கு அதே கேள்வி அடுத்த புத்தகத்தை எடுக்கிற வரைக்கும்தான்.

ரொமான்டஸி (காதலும் ஃபேன்டஸியும் கலந்த வகை) பற்றி ஒரு வார்த்தை, கேட்பீர்கள் என்பதால். ரெபெக்கா யாரோஸின் 'ஓனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. பழைய ஃபேன்டஸி ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் முதல் பாகத்துக்கு மேல் ஓடவில்லை, அந்த டிராகன் பள்ளியின் விதிமுறைகளை யோசித்தாலே ஓட்டையாக இருக்கிறது. ஆனால் ஒன்று. ஐந்து பாகம் என்று சொல்லப்பட்ட தொடரில் அது மூன்றாவது. "முடியட்டும்" என்று அந்த 27 லட்சம் பேரில் யாரும் உட்காரவில்லை. நள்ளிரவில் கடை வாசலில் நின்று வாங்கி, விடிவதற்குள் முடித்து, அடுத்த நாளே நாலாம் பாகத்தில் என்ன நடக்கும் என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் நம்மைவிட அவர்கள்தான் நல்ல ரசிகர்கள்.

நான் இப்போது கார்லின் ஏழாம் பாகத்தில் பாதியில் இருக்கிறேன். முடிந்தால் கமெண்ட்டில் முடியாத தொடர் ஏதாவது சொல்லுங்கள், முதல் பாகம் மட்டும் வந்திருந்தால் ரொம்ப நல்லது. டோனட்டுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிளாக் பண்ணிவிடுவேன்.