எண்ணெய் ஊரில் தண்ணீர்க் கணக்கு

"சவூதிக்காரனுக்கு என்னப்பா, தரையைத் தோண்டினால் காசு" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். சவூதியின் கிழக்கே அல் அஹ்ஸா பக்கம் ஒன்பது வருடம் லாரி கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான். எண்ணெய் வருவது உண்மைதான். தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். அவ்வளவு பெரிய நாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது.

தம்மாம் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் கொட்டியது 1938-இல். அல் அஹ்ஸா ஊருக்கோ அதற்கு வெகுகாலம் முன்பே பெயர் உண்டு. மதீனாவுக்கு அடுத்தபடியாக ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்த ஜவாதா பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது என்பார்கள். மனிதர்களைக் குடியிருக்க வைத்தது ஊற்றுத் தண்ணீர். இன்றும் 25 லட்சம் பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. ஆனால் தானாகப் பொங்கிய ஊற்றுகளுக்கு இப்போது மோட்டார் போடவேண்டியிருக்கிறது. அந்தப் பக்கமே, 280 கிலோமீட்டர் நீளத்துக்குக் கவார் எண்ணெய் வயல். அதில் எண்ணெயைத் தள்ளிக் கொண்டுவரக் கடல் தண்ணீரை உள்ளே அழுத்துகிறார்கள். குடிக்கவும் பெரும்பாலும் கடல் தண்ணீர்தான், உப்பை நீக்கி.

இதெல்லாம் தெரிந்தும் அந்த அரசாங்கம் பாலைவனத்தில் கோதுமை போட்டது. பல்லாயிரம் வருடங்களாக நிலத்தடியில் தேங்கிக் கிடந்த நீரை, மழையால் ஈடுகட்டவே முடியாத நீரை, வட்ட வட்ட வயல்களில் இறைத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் சுமார் 40 லட்சம் டன் விளைந்து ஏற்றுமதியும் ஆனது. 2016-இல் உள்நாட்டுக் கொள்முதலை நிறுத்தினார்கள். பிறகு ஓரளவுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். எண்ணெய்க் காசு கொடுத்த மிதப்பு என்றுதான் இதைச் சொல்வேன். மார்க்கம் சொன்னது வேறு. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில், அதாவது இரண்டு கையையும் சேர்த்து அள்ளுமளவில், ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல், செய்தார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. மழை கேட்பதற்கென்றே தனித் தொழுகையும் உண்டு.

ஒருமுறை ஹரத் என்ற ஊரைத் தாண்டி எங்கள் லாரி படுத்துவிட்டது. டிரைவர் ஒரு பதான்காரர். கேனில் ஐந்து லிட்டர் இருந்தது. அஸர் என்னும் பிற்பகல் தொழுகை நேரம் வந்ததும் ஒளு செய்ய நான் மூடியைத் திறக்கப் போனேன். "அது குடிக்க" என்று கையைப் பிடித்தார். அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் மணலில் தட்டி, ஊதி உதறி, முகத்தையும் கையையும் தடவிக்கொண்டார். தண்ணீர் இல்லாதபோது ஒளுவுக்குப் பதிலாகச் செய்யும் தயம்மும். ஓதும் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன், அன்றைக்குத்தான் முதல்முறை செய்தேன்.

ஊர் திரும்பிய வாரம் எங்கள் பள்ளிவாசல் ஹவுளில், ஒளு செய்யும் இடத்தில், ஒரு பையன் குழாயை முழுக்கத் திறந்துவைத்துவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தான். எழுந்து போய் மூடினேன். முறைத்தான்.