கண்ணைத் திறந்தால் முகம் வேறு

(லண்டன், 1948. பிபிசி ரேடியோவில் மாலைதோறும் வரும் சாகசத் தொடரின் நாயகன் டிக் பார்ட்டன். அவனை வைத்து எடுத்த 'டிக் பார்ட்டன்: ஸ்பெஷல் ஏஜென்ட்' படம் முடிந்து பஸ் கண்டக்டர் ஆல்ஃபும் மனைவி மேபலும் வீட்டுக்கு நடக்கிறார்கள்.)

ஆல்ஃப்: படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். எதற்கு எழுந்து கோட்டை மாட்டினாய்?

மேபல்: பழக்கதோஷம். ரேடியோவில் 15 நிமிடம்தானே? அவனைக் கட்டிப்போடுவார்கள், மியூசிக் வரும், மீதி நாளைக்கு 6.45க்கு. இங்கே என்னடா என்றால் கட்டிப்போட்ட கையோடு அவிழ்த்தும் விடுகிறார்கள். ராத்திரி முழுக்கக் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

ஆல்ஃப்: நாளைக்கு மறுபடி காசு கொடுத்து வரச்சொல்லவில்லையே, சந்தோஷப்படு. அப்புறம் நடுவில் தூங்கிவிட்டாய் போல?

மேபல்: தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ரேடியோவில் அப்படித்தானே பார்ப்போம்? ஆனால் அதுவும் சரிப்படவில்லை. கண்ணைத் திறந்தால் முகம் வேறு, மூடினால் குரல் வேறு. ரேடியோவில் பார்ட்டனாகப் பேசும் நோயல் ஜான்சனையே நடிக்க வைத்திருக்கலாம். இது யாரோ டான் ஸ்டானர்டாம்.

ஆல்ஃப்: பார்க்க லட்சணமாகத்தானே இருக்கிறார்? ஹாமர் கம்பெனிக்காரர்கள் கையில் காசு இல்லை, பாவம். மேரிலபோனில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ இருக்கிறதே, அதற்குள்தான் எடுத்தார்களாம். என் பஸ் தினமும் அந்தப் பக்கம்தான் போகிறது. உள்ளே இத்தனை பெரிய சதி நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே!

மேபல்: ரேடியோவில் கதவைப் படாரென்று சாத்தினால் எனக்கு ஒரு கோட்டையே தெரியும். படத்தில் சாத்தினால் கதவு மட்டும்தான் தெரிகிறது.

ஆல்ஃப்: அரசாங்கம் போன ஆகஸ்டில் ஹாலிவுட் படங்களுக்கு 75 சதவீதம் வரி போட்டது. அவர்கள் கோபித்துக்கொண்டு புதுப் படமே அனுப்பவில்லை. மார்ச்சில்தான் சமாதானமானார்கள். இந்த நேரத்தில் கதவாவது காட்டினார்களே! ஆமாம், அந்த டாக்டர் காஸ்பர் குடிநீரில் காலராக் கிருமியைக் கலக்கப் பார்த்தானே, பார்ட்டன் ஏன் அவனை ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை? நானாக இருந்தால்...

மேபல்: நீயாக இருந்தால் பிபிசி உன்னை முதல் நாளே அனுப்பியிருக்கும். அவனுக்கு ஏகப்பட்ட விதி. திட்டக் கூடாது, சட்டத்தை மீறக் கூடாது, அடித்தாலும் தாடையில் சுத்தமாக ஒரு குத்து, அவ்வளவுதான். பாவம், காதலியைக்கூடக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆல்ஃப்: காதலி இல்லாத ஆளுக்கு நீ ஏன் பாவப்படுகிறாய்?

மேபல்: கோடிக்கும் மேலே ஜனம் கேட்கிறது. நான் மட்டும் பாவப்படக் கூடாதா?

ஆல்ஃப்: பட்டுக்கொள். 6.45க்கு என் பஸ்ஸில் ஒரு சின்னப் பையன்கூட இருப்பதில்லை, அந்தப் புண்ணியம் அவனுக்குத்தான். சரி, ஒன்று கேட்கிறேன். ரேடியோ கேட்கும்போது உன் மனதில் ஒரு முகம் வருமே, அது எப்படி இருக்கும்? (தொப்பியைச் சரிசெய்கிறார்.) கொஞ்சம் என் சாயலில்?

மேபல்: இல்லை.

ஆல்ஃப்: பக்கவாட்டில் பார்த்தால்?

மேபல்: எப்படிப் பார்த்தாலும் இல்லை. அகலமான தோள், தெளிவான கண், கத்தியைப் பிடித்தால் கை நடுங்காது. நம் மீன்கடைக்காரர் மாதிரி.

ஆல்ஃப்: (நின்றுவிடுகிறார்) மீன்கடைக்காரரா? அதனால்தான் வாரம் முழுக்க மீனா!

மேபல்: கறிக்குக் கூப்பன், சோப்புக்குக் கூப்பன். போர்க்காலத்திலேயே இல்லாத கூப்பனை இப்போது ரொட்டிக்கும் வைத்துவிட்டார்கள். மீனுக்குத்தான் இல்லை. வேறு என்ன வாங்குவதாம்?

ஆல்ஃப்: வீட்டில் தபால்தலை இருக்கிறதா?

மேபல்: இருக்கிறது. எதற்கு?

ஆல்ஃப்: பிரதமர் அட்லிக்கு ஒரு கடிதம் போடவேண்டும். மீனுக்கும் உடனே ரேஷன் கொண்டுவரச் சொல்லி.