கும்பகர்ணன் பாட்டுல பாதிய மட்டும் பேசாதீங்க

கும்பகர்ணன பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், போன வாரம் கோயில் மண்டபத்துல நடந்த பட்டிமன்றத்த கேட்டதுக்கு அப்புறம் இனிமே தள்ளிப்போட முடியல. தலைப்பு மலேசியால நம்ம ஊரு பத்தாங் பெர்ஜுந்தைல பல தடவ கேட்டதுதான் (ஊர்ப் பலகைல பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, நம்ம வாயில இன்னும் பழைய பேருதான்). கும்பகர்ணனா விபீஷணனா, யாரு ஒசந்தவன்? தீர்ப்பும் எப்பவும் வர்ற தீர்ப்புதான். கும்பகர்ணன் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவன், சோறு போட்ட அண்ணனுக்காக உயிர குடுத்தவன், விபீஷணன் காட்டிக் குடுத்தவன், அவ்ளோதான். பேசுன பிள்ளைங்க நல்லா பேசுனாங்க, ழகரம் எல்லாம் அவ்ளோ சுத்தம், அவங்கள கொற சொல்ல நான் வரல. எனக்கும் கும்பகர்ணன்தான் ஒசத்தி. ஆனா நாம சொல்ற காரணம் வேற, கம்பன் காட்டுற காரணம் வேற.

செஞ்சோற்றுக் கடனுக்கு எல்லாரும் புடிச்சிக்கிற பாட்டு கும்பகருணன் வதைப் படலத்துல வருது. போர்க்களத்துல விபீஷணன் வந்து என்கூட வந்திரு அண்ணேன்னு கெஞ்சுறப்ப கும்பகர்ணன் சொல்றது. கடைசி அடி எல்லாருக்கும் மனப்பாடம், "ஒருத்தரின் முன்னம் சாதல், உண்டவர்க்கு உரியது அம்மா". சாப்பிட்டவன் தலைவனுக்கு முன்னால சாகணும், அதுதான் அவனுக்கு உரியதுன்னு. சரி. அந்த பாட்டு எங்க ஆரம்பிக்குது? "கருத்து இலா இறைவன் தீமை கருதினால், அதனைக் காத்துத் திருத்தலாம் ஆகின் அன்றே திருத்தலாம்"னு ஆரம்பிக்குது. யோசன இல்லாத தலைவன் கெட்டத நெனச்சா மொதல்ல அவன தடுத்து திருத்தப் பாக்கணும், அது முடியாமப் போச்சுன்னாதான் மத்ததெல்லாம். சாகுறது ரெண்டாவதா வர்ற வேல. மேடைல யாரும் அந்த மொத வேலைய சொல்றதே இல்ல, நேரா சாவுக்கு போயிடுறாங்க.

சொன்னபடி அவன் செஞ்சானான்னு பாருங்க. மந்திரப் படலத்துல சபை கூடி இருக்கு, ராவணன் முன்னால வாயத் தொறக்கவே பயப்படுற எடம். அங்க இவன் சொல்றான், அடுத்தவன் பொண்டாட்டிய சிறைல வெச்சிக்கிட்டு குத்தமில்லாத புகழுக்கு ஆசப்படுறோம், "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று, நம் கொற்றம்!" அண்ணன்கிட்ட இல்லீங்க, ராஜாகிட்ட, அத்தன பேரு முன்னால. ஆனா அதே மூச்சுல, இப்ப சீதைய விட்டா நாம எளியவங்க ஆயிடுவோம், அதுக்கு சண்டையில சாகுறதே மேல்னும் சொல்லிடுறான். இத மறைக்க வேண்டியதில்ல, கம்பன் அவன தெய்வமா காட்டல. வீட்டு மானத்தையும் நியாயத்தையும் ரெண்டு கைல புடிச்சிட்டு தடுமாறுற ஒரு மனுஷனா காட்டுறாரு.

அப்புறம் தூக்கத்துல இருந்து எழுப்பி போருக்கு போன்னு சொல்றப்ப அந்த தடுமாத்தமும் போயிடுது. விஷயம் தெரிஞ்சதும் கேக்குற கேள்வியே "ஆனதோ வெஞ்சமம்?", சண்ட வந்திருச்சா, சானகி துயரம் இன்னும் தீரலியான்னு. அவளோட துயரத்த அந்த வீட்டுக்குள்ள இருந்து நெனச்சிப் பாக்குறவன் இவன். சீதைய விட்டுட்டு ராமன் கால்ல விழு, தம்பி விபீஷணனோட சேந்துக்கோ, அதுதான் பொழைக்கிற வழின்னு நேரா சொல்றான். ராவணனுக்கு கோவம் வந்து, ரெண்டு மனுஷங்களையும் கூன் குரங்கையும் கும்பிட்டு பொழைக்கிறது உன் தம்பிக்கும் ஒனக்கும்தான் சரி, எழுந்து போன்னு வெரட்டுறான். அதுக்கப்புறம்தான் இவன் சூலத்த எடுக்குறான்.

எடுத்துட்டு சும்மா போகல. ஜெயிச்சிட்டு வருவேன்னு சொல்ல மாட்டேன், விதி என் பிடரிய புடிச்சி தள்ளுது, நான் சாகப் போறேன், "பொன்றினால், பொலன் கொள் தோளியை, நன்று என, நாயக! விடுதி"ங்கிறான். நான் செத்த பிறகாவது அந்த பொண்ண விட்டுரு. அப்புறம் நான் செஞ்ச தப்பு ஏதாச்சும் இருந்தா பொறுத்துக்கோ, "அற்றதால் முகத்தினில் விழித்தல்", இனிமே உன் மொகத்துல முழிக்கிறது இல்லன்னு சொல்லிட்டு வெளியாகுறான். இந்த எடத்த படிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் எனக்கு தொண்ட அடைக்குது.

இன்னொன்னு. விபீஷணன திட்டுறதுக்கு கும்பகர்ணன இழுக்குறாங்க பாருங்க, அது கும்பகர்ணனுக்கே பிடிக்காத காரியம். "நீர்க்கோல வாழ்வை நச்சி"ன்னு ஆரம்பிக்கிற பாட்டுல, என்னய நெடுநாள் வளத்து போர்க்கோலம் போட்டு அனுப்பினவனுக்கு உயிர குடுக்காம அங்க வர மாட்டேன்னு சொன்ன அதே வாயால, நீ ராமன்கிட்ட சீக்கிரம் திரும்பிப் போ, என் துயரம் அதுலதான் தீரும்னு தம்பிக்கு சொல்றான். சாகுறப்பவும் ராமன்கிட்ட, என் தம்பிய ராவணன் கொன்னுடுவான், அவன் உன் அடைக்கலம்னு ஒப்படைக்கிறான். அவன் துரோகின்னு சொல்லாத தம்பிய நாம மைக்க புடிச்சிக்கிட்டு துரோகிங்கிறோம்.

நம்ம ஆளுங்க உடனே கர்ணனையும் இதே வரிசைல நிக்க வெச்சிடுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நமக்கு தெரிஞ்ச கர்ணன் சினிமால சிவாஜி அழ வெச்ச கர்ணன், வியாசர் கர்ணன் சூதாட்ட சபைல திரௌபதி துணிய உருவச் சொன்ன கர்ணன். நண்பன் தப்பு பண்றப்ப தடுக்காம கூட சேந்து ஏத்தி விட்டவன் கடைசில உயிர குடுத்துட்டா கணக்கு நேராயிடுமா? அந்த சபைல எந்திரிச்சி நின்னு நியாயம் பேசுனவன் கௌரவருங்க தம்பி விகர்ணன். அவனும் கடைசி வரைக்கும் அண்ணன் பக்கம் நின்னுதான் செத்தான். அவன் பேர வெச்சி ஒரு பட்டிமன்றம் கூட நடக்கல.

இதுல எனக்கு ஏன் இவ்ளோ வேகம்னா, நம்மள மாதிரி தோட்டத்துல இருந்து வந்த ஜனங்களுக்கு இந்த செஞ்சோற்றுக் கடன் வெறும் இலக்கியம் இல்ல. தொரை சோறு போடுறாரு, கம்பெனி வீடு குடுத்திருக்கு, உப்ப தின்னுட்டு எதுத்துப் பேசலாமான்னு நம்மகிட்ட தலமொற தலமொறயா சொன்னாங்க. வெளிய இருந்து வந்தவன் மட்டும் சொல்லல, கங்காணியும் சொன்னாரு, கோயில்ல ராமாயணம் படிச்ச பெரியவங்களும் சொன்னாங்க. யாரு யாருக்கு சோறு போட்டாங்கன்னு யாரும் கேக்கல. நாட்டுலயே மொத மொதலா வணிகமா செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டது 1917ல, நம்ம பக்கத்துல இருக்கிற தென்னமரம் தோட்டத்துலதான். அந்த காட்ட வெட்டி மண்ண கொத்துன கைங்க யாரோட கைங்க?

எங்கம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டுனாங்க. பள்ளி லீவுல நான் கூட போயி பால் புடிக்கிற மங்கு தொடச்சி வெப்பேன். பால் கொட்டாய்ல வாளிய தராசுல வெச்சி, அப்புறம் பாலோட கெட்டி பாக்குற மீட்டர பாலுக்குள்ள விட்டு பாப்பாரு கிராணி (தோட்டத்து கணக்கரு), தண்ணி கலந்திருக்குன்னு சொன்னா கணக்கு கொறையும், கொறஞ்சா சம்பளம் கொறையும். ஒரு நாளு அம்மா வாளிய எடுக்காம அங்கயே நின்னுட்டாங்க. "ஐயா, எம் பால்ல தண்ணி இல்ல. மீட்டர இன்னொரு தடவ விடுங்க, எல்லாரும் பாக்கட்டும்." அவரு தலையக் கூட நிமித்தல, ஒனக்கு வேல வேணுமா வேணாமான்னாரு. அம்மா சொன்னாங்க, "வேலயும் வேணும், எடையும் வேணும்". முக்காட்டு துணில பால் காஞ்சி மொடமொடன்னு இருக்கும், அத இழுத்து கட்டிக்கிட்டே சொன்னாங்க, கொரல் ஏறவே இல்ல. அன்னிக்கு கணக்கு மாறல. சாயங்காலம் பெரியப்பா நாங்க இருந்த லயத்து வீட்டுக்கு வந்து உப்பு போட்ட எடத்துல இப்படி பேசலாமா, பேர வெட்டிட்டா வீடும் போயிடுமேன்னு சத்தம் போட்டாரு, அவரு பயமும் நெசம்தான். மறுநாளு விடியக்காலைல அம்மா பெரட்டுக்கு (வேலைக்கு பேரு கூப்புடுற எடத்துக்கு) போயி எப்பவும் போல நின்னாங்க. கொஞ்ச நாள்ல இன்னும் சில பொம்பளைங்க வாளிய வெச்சிட்டு நிக்க ஆரம்பிச்சாங்க.

1941ல கிள்ளான் வட்டாரத்துல தோட்டத் தொழிலாளிங்க பண்ண வேலநிறுத்தத்துல கூலிய ஏத்துன்னு மட்டும் கேக்கல. கள்ளுக்கடைய மூடுன்னு கேட்டாங்க, தொரைய பாத்தா சைக்கிள விட்டு எறங்கணும்ங்கிற வழக்கத்த நிறுத்துன்னு கேட்டாங்க. தலைமை தாங்குன ஆர்.எச். நாதன புடிச்சி நாடு கடத்துனாங்க, பட்டாளம் வந்துச்சு, சுட்டதுல தொழிலாளிங்க செத்தாங்க. அவங்கள அன்னிக்கு நன்றிகெட்டவங்கன்னு சொல்லியிருப்பாங்க. "திருத்தலாம் ஆகின் அன்றே திருத்தலாம்", எனக்கு அந்த அடிக்கு வேற உரை தேவப்படல.

இப்ப தொரையும் இல்ல, லயமும் இல்ல, எல்லாம் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தாச்சு. ஆனா விசுவாசம்ங்கிற பேச்சு மட்டும் கூடவே வந்திருக்கு. கோயில் கணக்க கேட்டா தலைவருக்கு துரோகம், கட்சி கூட்டத்துல கேள்வி கேட்டா துரோகம். தலைவரோட தப்பு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு கூடவே நிக்கிறவன கும்பகர்ணன் மாதிரின்னு மாலை போடுறாங்க. கும்பகர்ணன் எப்பங்க வாய மூடுனான்? சபைல சொன்னான், எழுப்புனதும் சொன்னான், போற வாசல்லயும் சொன்னான். தன் சாவையே கடைசி புத்திமதியா வெச்சிட்டுப் போனான், ராவணன் அதையும் கேக்கல, சீதைய விடல.