"உனக்கென்ன, நீ வந்துடுவே"

எங்கள் வார்டில் டூட்டி லிஸ்ட் போடுவது நான்தான். பன்னிரண்டு நர்ஸ், மூன்று ஷிஃப்ட். தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் பரீட்சை என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே நாளில் லீவு கேட்பார்கள். அப்போதெல்லாம் என் பேனா போய் நிற்பது ஒரே பெண்ணின் பெயரில். கல்யாணம் ஆகவில்லை, எது கேட்டாலும் "சரிக்கா" என்பாள். நாலு வருஷமாக அவளுக்கு வீட்டில் தீபாவளி இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டூட்டிக்கு மாற்றியபோது முதல் தடவையாக "முடியாதுக்கா" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் சொன்னாள், அம்மாவுக்கு டயாலிசிஸ், செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். நைட் முடித்து நேராக அங்கே போய், கடைசியில் ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதும் ஆட்டோவில் கூட்டிப்போய், அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரை பாட்டிலில் அளந்து வைத்துவிட்டுத்தான் படுப்பாளாம். நைட் டூட்டியை அவளே கேட்டு வாங்கியது இதற்குத்தான். நாங்கள் அவளுக்கு நைட் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

குடும்பம் என்றால் புருஷனும் பிள்ளையும் மட்டும்தானா? 2017இல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். ரொம்ப நல்லது, பெண்கள் போராடிப் பெற்றது. ஆனால் அம்மாவை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவளுக்குத் தனியார் வேலையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அவளுக்கு இருப்பது கூட வேலை செய்கிற நாங்கள் மட்டும்தான்.

அதே சமயம், முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு வரமாட்டேன்" என்று மெசேஜ் போடுவதையும் என்னால் ஏற்க முடியாது. ஹேண்ட் ஓவர் வாங்க ஆள் வராமல் நைட் பார்த்தவள் வார்டை விட்டு நகர முடியாது, அவள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பக் காத்திருக்கும்.

இப்போது மாதம் இருபதாம் தேதிக்குள் அவரவர் மாற்ற முடியாத நாட்களை எழுதித் தர வேண்டும், காரணம் கேட்பதில்லை. பண்டிகை நைட் சுழற்சியில் வரும், கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேச்சே கிடையாது. இரண்டு பேருக்கு இதில் வருத்தம், முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை.

இந்தத் தீபாவளி நைட்டுக்கு முதலில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வீட்டில் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.