ஊருக்குப் போகாத நாட்களில்தான் நம் நகர் ஊராகிறது

ஓசூரிலிருந்து பாகலூர் சாலை, ராயக்கோட்டை சாலை, தளி சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் 'நகர்' என்று முடியும் பெயர்ப் பலகைகளே கண்ணில் படுகின்றன. அந்த நகர்களில் குடியிருக்கும் நம்மில் பெரும்பாலோர் பிழைப்பின் பொருட்டு வந்தவர்கள். தீபாவளி வந்தால் சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் கிளம்பிவிடுகிறோம்; பொங்கலுக்கும் அப்படியே. அந்த நாட்களில் நம் தெருக்களில் பூட்டிய கதவுகள்தான் மிச்சம். ஆனாலும் குடியிருப்போர் நலச் சங்கம் கூடினால் முதலில் எழும் பேச்சு, பொங்கல் விழாவை எப்படிப் பெரிதாக நடத்துவது என்பதாகவே இருக்கிறது. பாதிப் பேர் பயணச்சீட்டு எடுத்துவிட்ட வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து அவசர அவசரமாகப் பானை வைத்துவிட்டு, கூட்டம் சேரவில்லையே என்று பிறகு வருந்துகிறோம்.

நம் நகருக்கென்று சொந்தமான விழாக்காலம் ஒன்று உண்டு என்பதே என் கருத்து. அது புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகைத் தீபத்தோடு முடிகிறது. நடுவில் தீபாவளிக்கு மட்டும் சில நாள் தெரு காலியாகும். மற்றபடி எல்லோரும் இங்கேயேதான் இருக்கிறோம். பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் வெயில் தணிந்து, மாலையில் மெல்லிய குளிர் தட்டத் தொடங்கும். மானாவாரி நிலக்கடலை அறுவடையாகி, வேகவைத்த கடலை தள்ளுவண்டிக்கு வந்திருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து சீத்தாப்பழம் கூடை கூடையாகச் சாலையோரத்தில் இறங்கும். குடும்பத்தோடு வெளியே வந்து நிற்பதற்கு இதைவிட நல்ல பருவம் இந்த மாவட்டத்தில் இல்லை.

நவராத்திரியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழர், கன்னடர், தெலுங்கர் மூவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஓசூர் போன்ற ஊரில், மூவருக்கும் பொதுவான வீட்டு விழா என்றால் அது பொம்மை அடுக்கும் இந்த ஒன்பது நாட்கள்தாம். எங்கள் தெருவில் கன்னடம் பேசும் வீடொன்றில் மேல்படியில் இருப்பது, திருமணத்தில் தாய்வீட்டார் கொடுத்த மரத்தாலான ராஜா ராணி இணை. இரண்டு வீடு தள்ளித் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் அதே இடத்தில் மரப்பாச்சிகள் நிற்கின்றன. கன்னட வீட்டு ராணியின் மூக்குத்தி தேய்ந்துபோயிருந்ததைக் கவனித்த பக்கத்து வீட்டுச் சிறுமி, தன் கம்மல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கல்லைக் கொண்டுவந்து ஒட்டினாள். அந்த வீட்டு மூதாட்டியை இப்போது தெருப் பிள்ளைகள் எல்லோரும், எந்த மொழி பேசுகிறவர்களானாலும், கன்னடத்தில் பாட்டி எனப் பொருள்படும் அஜ்ஜி என்றுதான் அழைக்கிறார்கள். விஜயதசமியன்று அவர் வன்னி இலையைக் கையில் கொடுத்து, அதைப் பொன்னாக எண்ணிப் பெற்றுக்கொண்டு பெரியவர்கள் காலில் விழ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். எந்தச் சங்கமும் ஏற்பாடு செய்யாமல், எந்த மேடையும் போடாமல் நடப்பது இது.

இதைக் கொஞ்சம் வாசலுக்கு வெளியே கொண்டுவரலாம் என்றுதான் சொல்கிறேன். ஒன்பது நாளில் ஒரு மாலை மட்டும், வீட்டுக்கு இரண்டு பொம்மையாகக் கொண்டுவந்து பொது இடத்தில் ஒரு பொதுக் கொலு வைக்கலாம். படி அடுக்குவது பிள்ளைகள் பொறுப்பு. சுண்டல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம். கொலு வைக்கும் வழக்கம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் தான் செய்த களிமண் யானையையோ, அட்டையில் வெட்டிய கிருஷ்ணகிரி அணையையோ ஒரு படியில் வைக்கட்டும். அழைப்பு என்று வந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி அழைப்பாக இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள், மேல்மாடியில் ஒற்றை அறையில் சேர்ந்து தங்கித் தொழிற்சாலைக்குப் போய்வரும் இளம்பெண்கள் ஆகியோரை நாம் பெரும்பாலும் அழைக்க மறந்துவிடுகிறோம். வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் அந்தப் பெண்களைப் போல இந்த அழைப்பை எதிர்பார்த்திருப்பவர்கள் வேறு யாரும் இல்லை.

ஓசூருக்கே உரிய இன்னொரு நாள் ஆயுத பூஜை. இந்த ஊரை வளர்த்ததே சிப்காட் தொழிற்பேட்டை. பல தொழிற்சாலைகளில் அன்று இயந்திரங்களைக் கழுவித் துடைத்துச் சாமந்தி மாலை போட்டு, தொழிலாளர் குடும்பங்களை உள்ளே வரச் சொல்கிறார்கள். தன் தந்தை நாள்முழுக்க எந்த இயந்திரத்தின் முன் நிற்கிறார் என்பதை ஒரு பிள்ளை நேரில் பார்க்கிற நாள் அது. அந்தப் பிள்ளையின் கண் விரிவதைப் பார்த்தவர்கள் அதன் மதிப்பைக் குறைத்துப் பேசமாட்டார்கள். நகரிலும் இதற்கு இணையாக ஒன்றைச் செய்யலாம். நம் தெருவில் தச்சர் இருக்கிறார், மின்பணியாளர் இருக்கிறார், தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள், டிராக்டர் வைத்திருப்பவர் இருக்கிறார். பூஜை முடிந்த பிறகு அவரவர் கருவி எப்படி இயங்குகிறது என்று பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் காட்டினால் போதும். பூசணிக்காயைச் சாலை நடுவில் உடைத்து அப்படியே விட்டுப்போகும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துவோம். மறுநாள் காலை இருசக்கர வண்டியில் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர் வழுக்கி விழுவது நம் திருஷ்டி கழிவதற்கான விலையாக இருக்கக் கூடாது.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெற்றியில் நாமமிட்டு, நாமம் போட்ட சொம்பை ஏந்தி, "கோவிந்தா" என்று குரல்கொடுத்து வீடு வீடாக அரிசி வாங்க வரும் சிறுவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகர்கள் எழுவதற்கு முன்பே இங்கே இருந்த கிராமங்களின் பிள்ளைகள் அவர்கள். நம் கதவுகளில் அழைப்பு மணியும் கண்காணிப்புக் கேமராவும் வந்த பிறகு அவர்களுள் பலர் நம் தெருவுக்குள் வரத் தயங்குகிறார்கள். அவர்கள் வந்தால் கதவைத் திறந்து ஒரு படி அரிசி போடுங்கள். உங்கள் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். நாம் மனை வாங்கிய நிலம் யாருடைய ராகிக் கொல்லையாக இருந்தது என்று கேட்டால், அந்தச் சிறுவர்களின் தாத்தாக்கள் சொல்வார்கள்.

இப்போது சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நகர்களில் விழா என்றாலே மேடை, ஆளுயர ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, ஆடல் போட்டி, அரசியல் பிரமுகரின் உரை என்று ஆகிவிட்டது. ஆறு மணிக்குத் தொடங்குவதாகச் சொன்ன நிகழ்ச்சி சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து எட்டு மணிக்குத் தொடங்குகிறது. ஆட வேண்டிய குழந்தை அதற்குள் தாயின் மடியில் தூங்கிவிடுகிறது. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியே கூடாது. நம் மேடையிலிருந்து வருவது இந்த வரம்பின் பக்கத்தில்கூட நிற்காது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர், காலை ஆறு மணிப் பணிக்கு நான்கரைக்கே எழ வேண்டியவர், இதய நோயாளி, கைக்குழந்தை என்று யாரையாவது வதைக்காமல் அப்படியொரு விழா முடிவதில்லை. அதற்காக வீட்டுக்கு வீடு வசூல் வேறு. கொடுக்க இயலாத குடும்பம் அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தை வீட்டுக்குள் முடக்கும் விழாவைக் குடும்ப விழா என்று எப்படிச் சொல்வது?

ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிப்போம். ஒலிபெருக்கி இல்லாமல் நடப்பவற்றை நடத்துவோம். பாண்டி, பல்லாங்குழி, கோலி, கோலம், கதை சொல்லல், விடுகதை ஆகியவற்றுக்கு மின்சாரம்கூட வேண்டாம். பணம் வாங்க வேண்டாம். பாய், பாத்திரம், கை உழைப்பு ஆகியவற்றையே கேட்போம். மழை வந்தால் யாராவது ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலம் என்பது தெரிந்ததுதானே.

இந்தப் பருவம் இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எலத்தகிரி போன்ற பழைய கிறித்தவ ஊர்களில் அன்று குடும்பம் குடும்பமாகச் சென்று கல்லறைகளைச் சுத்தம் செய்து பூவும் மெழுகுவத்தியும் வைக்கிறார்கள். நம் தெருவிலிருந்து போகிற குடும்பத்துக்கு நம் தோட்டத்துப் பூவைக் கொடுத்து அனுப்பலாமே. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பொது நிகழ்ச்சியைப் பூஜையாக மட்டுமே அமைத்தால் அவர்கள் விருந்தினராகவே நின்றுவிடுவார்கள். நவம்பர் 14 குழந்தைகள் நாள். அன்றிலிருந்து 20 வரை தேசிய நூலக வாரம். இவை எல்லோருக்கும் பொது. அருகிலுள்ள கிளை நூலகத்துக்குப் பிள்ளைகளை வரிசையாக நடத்திச் சென்று உறுப்பினராகச் சேர்த்துவிடும் ஒரு மாலை, எந்தப் பரிசுப் போட்டியையும்விடப் பயன் தரும்.

தீபாவளிக்கு இங்கேயே தங்குபவர்கள், அரசு அனுமதித்திருக்கும் காலை ஆறு முதல் ஏழு வரையும் இரவு ஏழு முதல் எட்டு வரையும் பொதுத் திடலில் கூடி, பெரியவர்கள் கண்காணிப்பில் பட்டாசு வெடிக்கலாம். 2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்ததில் உயிரிழந்தவர்களில் பலர் தருமபுரி மாவட்டத்து இளைஞர்கள். அந்த வீடுகளுக்குத் தீபாவளி இனி எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குறைவாகவே வாங்குவோம்.

எனக்கு மிகவும் பிடித்தது கார்த்திகை. இந்தப் பகுதிக் கிராமங்களில் அன்றிரவு மாவளி சுற்றுவார்கள். ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைக் குழியில் இட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் மண்ணைப் போட்டு மூடிக் கரியாக்க வேண்டும். முழுவதும் எரியவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். மூடும் நேரம் தெரிந்தவர்தான் மூட வேண்டும். அந்தக் கரியை இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் விரல் மொத்தத்துக்குச் சுருட்டி நூலால் இறுகக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே பொதிந்து, நீண்ட கயிற்றில் கோக்க வேண்டும். முனையில் தணலை வைத்து ஊதி, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்றினால், பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். வெடிச் சத்தம் இல்லை, வேதியியல் புகை இல்லை. எங்கள் நகருக்குப் பின்னால் இருக்கும் கிராமத்துப் பெரியவர் ஒருவர் அதைக் கட்டிக்காட்டியபோது, "நூல் தளர்ந்தா பொறி வராது கண்ணு, இன்னும் இறுக்கு" என்று ஒரு சிறுவனின் விரலைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட வைத்தார். கைப்பேசியை விட்டு நகராத அந்தச் சிறுவன் அன்று மாலை முழுவதும் கரி அப்பிய கையோடு அவர் பக்கத்திலேயே குந்தியிருந்தான். இத்தகைய பெரியவர்கள் ஒவ்வொரு நகருக்கும் அருகில் இருக்கிறார்கள். அவர்களை மரியாதையோடு அழைத்து, பிள்ளைகளுக்குக் கற்றுத்தரச் சொல்ல வேண்டியது நம் வேலை. திடலில் வைக்கோல் போர் இல்லாமலும் பிள்ளைகள் பருத்தி உடை உடுத்தியும் இருக்க வேண்டும். இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஒரு திறந்தவெளி வேண்டும். அது நமக்கு ஏற்கெனவே சட்டப்படி உரியது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. அங்கீகார வரைபடத்தில் அது 'பூங்கா' என்று பச்சையில் இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் பார்த்தீனியச் செடி, கட்டட இடிபாடு, தேங்கிய நீரில் கொசு. ஆடி மாதத்திலேயே அதைச் சுத்தம் செய்யத் தொடங்கினால்தான் புரட்டாசிக்குக் கைக்கு வரும்.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் கிராம சபைக் கூட்டங்களில் இரண்டு, அக்டோபர் 2உம் நவம்பர் 1உம், இந்தப் பருவத்துக்குள்ளேயே வருகின்றன. 2019இல் மாநகராட்சியான ஓசூரின் எல்லைக்குள் இருப்பவர்கள் பகுதி சபையில் கேட்கலாம். மனு கேட்க வேண்டியது அதிகம் இல்லை: பூங்கா இடத்தை அளந்து கல் நடுவது, இரண்டு மின்விளக்கு, ஒரு குடிநீர்க் குழாய், நீர் தேங்காமல் மண் நிரப்புவது. பூங்கா அமைக்க நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சமதளமான மண் தரையே பிள்ளைகளுக்குப் போதும்.

எங்கள் மனைப்பிரிவின் வரைபட நகல் என்னிடம் இருக்கிறது. மனுவும் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் நகரைச் சேர்ந்தவர்கள், சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும், வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பூங்கா இடத்துக்கு வந்து படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். வரும்போது முடிந்தவர்கள் மண்வெட்டி கொண்டுவாருங்கள். பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் பிடுங்க வேண்டாம்.