ஆயிரம் டாலரை எடுத்து வைங்க

(நியூ ஹாம்ப்ஷயர், நாஷுவா. சமையலறை. மாமனார் பருப்பு வடை தட்டுகிறார், மாப்பிள்ளை எண்ணெயில் திருப்பிப் போடுகிறார்.)

மாமா: இந்த ஊர்ல ஆயிரம் டாலர் கட்டினா, கட்சியோட அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற பிரைமரி தேர்தல் ஓட்டுச்சீட்டுல பேர் வந்துடுமாமே? கையெழுத்துகூட வாங்க வேண்டாமாம்!

மாப்பிள்ளை: ஆமா மாமா. தலையில பூட்ஸைக் கவுத்துக்கிட்டு ஒருத்தர் பல தடவை நின்னிருக்கார். ஆளுக்கொரு குட்டிக்குதிரை இலவசமாம்.

மாமா: மிக்ஸின்னா பரவாயில்ல. குதிரைக்குப் புல்லு யாரு போடறது? சரி, நீங்க நில்லுங்க.

மாப்பிள்ளை: பிறப்பாலயே அமெரிக்கக் குடிமகனா இருக்கணும். நான் பொறந்தது கும்பகோணத்துல.

மாமா: பேரன் இங்கதானே பொறந்தான்?

மாப்பிள்ளை: அவனுக்கு ஒன்பது வயசு. முப்பத்தஞ்சு ஆகணும்.

மாமா: அப்ப பிரசாரத்துக்கு நிறைய டயம் இருக்கு.

மாப்பிள்ளை: இந்த ஊர் மட்டும் போதுமா? 2012-ல வர்ஜீனியாவுல குடியரசுக் கட்சி பிரைமரிக்கு 10,000 கையெழுத்து கேட்டாங்க. அதுலயும் 11 தொகுதியில ஒவ்வொண்ணுலயும் 400 இருக்கணும். கிங்ரிச் முன்னாள் சபாநாயகர், வீடே அந்த மாநிலத்துலதான், அவரே தேறல. சீட்டுல ரோம்னி, ரான் பால் ரெண்டே பேர்.

மாமா: காசை இறக்கினா?

மாப்பிள்ளை: கோடீஸ்வரர் புளூம்பெர்க் இறக்கினாரே, 2020-ல ஜனநாயகக் கட்சி பிரைமரியில, நூறு கோடி டாலருக்கு மேல! முதல்ல ஓட்டுப் போட்ட நாலு மாநிலத்தை விட்டுட்டு அப்புறம்தான் களத்துக்கே வந்தார். ஜெயிச்சது அமெரிக்க சமோவா ஒண்ணுதான்.

மாமா: அது எங்க இருக்கு?

மாப்பிள்ளை: பசிபிக் நடுவுல. நவம்பர் அதிபர் தேர்தல்ல அந்தத் தீவுக்கு ஓட்டே கிடையாது.

மாமா: ஐயோ பாவம். பின்ன டிரம்ப் மட்டும் எப்படி வந்தார்?

மாப்பிள்ளை: 2016, சவுத் கரோலினா. அவருக்கு 32.5 சதவீதம். மிச்சத்தை அஞ்சு பேர் பிச்சுக்கிட்டாங்க. அங்க குடியரசுக் கட்சி விதிப்படி மாநிலத்துலயும் தொகுதியிலயும் முதல்ல வர்றவருக்கே எல்லாம். கட்சி மாநாட்டுல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற 50 பிரதிநிதியும் அவருக்கு. (வடைத் தட்டை முழுசாகத் தன் பக்கம் இழுக்கிறார்.)

மாமா: தட்டை இங்க வைங்க. அந்த இன்னொரு கட்சியில?

மாப்பிள்ளை: ஜனநாயகக் கட்சியில ஓட்டுக்கேத்த பங்கு. ஆனா 15 சதவீதம் தொடலைன்னா ஒரு துண்டு வடைகூட இல்ல. சாண்டர்ஸ் 2016-ல நம்ம நியூ ஹாம்ப்ஷயர்ல 60 சதவீதம் வாங்கியும் பங்குதான் கிடைச்சுது. எதிர்ல ஹிலாரி ஒருத்தர்தான் பாருங்க, கடைசிவரை அந்தப் பக்கத்து ஓட்டு சிதறவேயில்ல.

மாமா: அப்ப நம்ம பையனுக்கு எதிரா நிறைய பேர் நிக்கணும்.

மாப்பிள்ளை: நிக்கணும், ஒருத்தரும் சீக்கிரம் விலகக் கூடாது. நீ விலகு நீ விலகுன்னு அவங்க சண்டை போட்டுக்கிட்டே இருக்கணும்.

மாமா: அது கிடக்கட்டும், தட்டைத் தள்ளுங்க.

மாப்பிள்ளை: உங்ககிட்டதானே மாமா வச்சேன்?

மாமா: நீங்க எங்க வச்சீங்க!

(கூடத்திலிருந்து மொறுமொறுவென்று சத்தம்.)

மாமா: ...ஆயிரம் டாலரை எடுத்து வைங்க மாப்ளே.