நாய்க்கு ஈரல் போடாதீர்கள்

கல்லீரல் கட்டிகள் பற்றிய கட்டுரையில் சீழ்க்கட்டியை விரிவாக எழுதிய டாக்டர், நாய்வழி தொற்றும் நாடாப்புழுவால் வரும் நீர்க்கட்டியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! எங்கள் மானூர் பக்கம் வயலில் கிடை போடுகிறவர்கள் ஆடும் நாயுமாகவே வாழ்கிறார்கள். ஆட்டை அறுத்ததும் கழிவு ஈரலை அப்படியே நாய்க்கு வீசுவார்கள். ஈரலில் இந்த நீர்க்கட்டி இருந்தால் நாய்க்குப் புழு தொற்றி, அதன் மலத்தில் வரும் முட்டை கைவழியாக நம் வயிற்றுக்குள் போய்விடும். பிறகு அது கல்லீரலில் நீர்க்கட்டியாகிப் பல வருஷம் சத்தமில்லாமல் வளரும். அமீபா கிருமியால் வரும் சீழ்க்கட்டி என்றால் காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியுமாக ஆளைப் படுக்கவைத்துவிடும். பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மருந்துக்கே கேட்கும். ஆனால் ஸ்கேனில் பெரிய கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் தெரிந்தால் அது நாடாப்புழு நீர்க்கட்டி; நீரை எடுக்க அவசரப்பட்டு ஊசி குத்தக்கூடாது. உள்நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமையில் உயிரே போகலாம். கிடைக்கார அண்ணாச்சிமாரே, அந்த ஈரலை ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்; நாய்க்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் பூச்சிமருந்து கேட்டு வாங்கிக் கொடுங்கள்.